நாவடக்கம் யாருக்கு?

நாக்கைப் பற்றிய புத்திமதிக்கு நமது கரையில் பஞ்சம் இருந்ததில்லை. பெரிய நீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அக்கரைப்பற்றுவரை கடலோடு ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் பிறந்த பிள்ளை, நல்லது கெட்டது தெரியும் முன்பே வாயைத் திறப்பதில் ஆபத்து உண்டு என்பதைத் தெரிந்துகொள்கிறது. சோதனைச் சாவடிக் காலத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் வாப்பாவின் கை முழங்காலை அழுத்தும். கச்சேரி வரிசையில் சிங்களம் தெரிந்த காக்கா ஒருவர் "நீங்க கதையாம இரிங்க, நான் சொல்றன்" என்று முன்னால் போவார். மாப்பிள்ளையோடு பிணக்குப்பட்ட மகளிடம் உம்மா சொல்வதும் வாயைக் காட்டாதே என்பதுதான். இதற்கு வேதமும் துணை நிற்கிறது. வெள்ளிக்கிழமை குத்பாவில் குர்ஆனின் ஞானி லுக்மான் தன் மகனுக்குச் சொன்ன அறிவுரை வரும்: குரலைத் தாழ்த்து, குரல்களிலே வெறுக்கத்தக்கது கழுதையின் குரல். கல்முனையின் தேவாலயங்களில் நீதிமொழிகளும் யாக்கோபின் நிருபமும் வாசிக்கப்படுகின்றன; நாவு ஒரு சிறு நெருப்பு, பெருங்காட்டை எரித்துவிடும் என்பது அந்த நிருபத்தின் எச்சரிக்கை. பள்ளிக்கூடத்தில் திருக்குறளின் அடக்கமுடைமை. மூன்று மரபுகளும் கூடி ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் நம்மிடையே மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. அந்த உடன்பாடுதான் எனக்கு நெருடலாக இருக்கிறது. எல்லோரும் சரி என்று சொல்லும் ஒரு புத்திமதியை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று விசாரிக்கும் பழக்கம் நமக்கு இல்லாமல் போய்விட்டது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை தாண்டி, வயல்களுக்கு ஊடாகப் போனால் வருவது அந்த நகரம். நமது மாவட்டத்தின் தலைநகரம். ஆனால் கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த சிங்கள நகரம். அங்கே முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், சாப்பிட வந்தவர்கள் உணவில் ஒரு கட்டியைக் கண்டார்கள். மலட்டு மருந்து என்றார்கள். முஸ்லிம் கடைகளில் சிங்களவருக்கு அதைக் கலந்து கொடுக்கிறார்கள் என்ற வதந்தி ஏற்கெனவே முகநூலில் உலாவிக்கொண்டிருந்தது. காசு மேசையில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு, போட்டாயா இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் அரைகுறை. உணவில் கிடந்த மாக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஓம், போட்டதுதான் என்று பொருள்படும் ஏதோ ஒன்றைச் சொன்னார். அந்தத் தடுமாற்றம் கைத்தொலைபேசியில் பதிவாகி, குற்ற ஒப்புதல் என்ற பெயரில் பரவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. பிறகு அரச பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியை ஆராய்ந்து மாவுதான் என்றார். உலக சுகாதார நிறுவனமோ, உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மருந்து உலகத்தில் எங்குமே இல்லை என்று விளக்கியது. அதற்குள் மார்ச் முதல் வாரம் வந்து கண்டிப் பக்கத்துத் திகன முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. தன் தளத்தின் வழியாக விளைந்த தீங்குக்கு முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டபோது ஆண்டு 2020, மாதம் மே.

இந்தக் கதையைக் கேட்கும் நம் ஆட்களுக்கு முதலில் என்ன தோன்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாஷை தெரியாதவன் ஏன் பதில் சொல்லப் போனான், பேசாமல் நின்றிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. அதாவது, சூழ்ந்து நின்ற கூட்டத்தில் நாவடக்கம் இல்லாதவராக நமது கண்ணில் படுபவர் தனியே அகப்பட்ட அந்த ஒரு மனிதர். கேள்வியைக் கத்தியவர்களும், பதிலைக் கேட்காமலே கேட்டவர்களும், அதைப் படம் பிடித்து உலகத்துக்கு அனுப்பியவர்களும் நமது ஒழுக்கக் கணக்கில் வரவேயில்லை. அவர்கள் மழையைப் போல, கடலைப் போல. அவர்களுக்குப் புத்தி சொல்ல முடியாது, ஒதுங்கத்தான் முடியும் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். ஞானநூல்களின் பெயரால் நாம் செய்துவரும் இந்த ஏற்பாட்டை அந்த நூல்களே ஏற்குமா என்று பார்க்கலாம்.

பைபிளை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பைபிளின் சாலொமோன், தாவீது, யோபு ஆகிய சுலைமான் நபியும் தாவூத் நபியும் ஐயூப் நபியும் நமக்கு அந்நியர்கள் அல்லர் என்பது ஒரு பதில். காரைதீவில் 1892இல் பிறந்த சைவப் பிள்ளை, பிற்காலத்தில் விபுலானந்தர் ஆனவர், படிக்கப் போனது கல்முனை மெதடிஸ்த பாடசாலைக்கு என்பது இன்னொன்று. இந்த நூல் நமது கரையில் வந்தேறியாக இருந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதை விடுவோம்.

நீதிமொழிகள் என்ற நூலை வீட்டுப் புத்தகமாகப் படித்துப் பழகியதால், அது அரண்மனைப் புத்தகம் என்பதை மறந்துவிடுகிறோம். அதன் பெரும் பகுதி சாலொமோன் ராஜாவின் பெயரில் நிற்கிறது. 25ஆம் அதிகாரத்தின் தலைப்பே அதை எசேக்கியா ராஜாவின் ஆட்கள் பிரதியெடுத்தார்கள் என்று அறிவிக்கிறது. கடைசி அதிகாரம் லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் கொடுத்த உபதேசம். நடுவில் 22ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கும் ஒரு பகுதிக்கு எகிப்தின் அமெனெமொப்பே என்ற அதிகாரியின் உபதேசத்தோடு நெருங்கிய உறவு இருப்பதை 1924இல் அடோல்ஃப் எர்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் எடுத்துக் காட்டினார். அந்த அமெனெமொப்பே நிலத்துக்கும் தானியத்துக்கும் பொறுப்பான அரச அலுவலர்; தன் மகனுக்கு அவர் கற்றுக்கொடுப்பது, அளவுக் கயிற்றைத் திருட்டுத்தனமாக நகர்த்தாதே, கொதிப்பவனோடு சேராதே, ஏழையின் நிலத்தில் கை வைக்காதே என்பவை. இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்? அளவுக் கயிறு கையில் இருப்பவனிடம்தான். அமைதியாய் இரு என்ற போதனை இங்கே அதிகாரத்துக்குப் போகப் போகும் இளைஞனுக்கு உரியது. அவன் வாயிலிருந்து அவசரமாக விழும் ஒரு சொல் இன்னொருவனின் காணியை, உயிரை எடுத்துவிடும் என்பதால் அவனுக்குக் கடிவாளம் போடுகிறார்கள். கேட்டு முடிக்கும் முன்னே பதில் சொல்வது மூடத்தனம் என்றும், வழக்கில் முதலில் பேசுபவன் சொல்வது நியாயமாகத்தான் தோன்றும், மற்றவன் வந்து குறுக்குக் கேள்வி கேட்கும்வரை என்றும் 18ஆம் அதிகாரம் சொல்லும்போது, அது எந்த நாற்காலியை நோக்கிப் பேசுகிறது என்பதில் சந்தேகம் இல்லை.

அந்த நாற்காலியில் இருந்த சாலொமோனின் புகழ்பெற்ற தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும்: இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை, ஒரு வாள். வாளைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். வாளுக்கு முன்னால் ஒரு வசனம் இருக்கிறது; சப்பென்று தெரியும், வாசிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். உயிரோடிருப்பது என் பிள்ளை, செத்தது உன்னுடையது என்று இவள் சொல்கிறாள்; இல்லை, செத்தது உன்னுடையது, உயிரோடிருப்பதே என்னுடையது என்று அவள் சொல்கிறாள் என, இரண்டு பேரும் சொன்னதை ராஜா அப்படியே திருப்பிச் சொல்கிறார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த இரண்டு பெண்களும் விபசாரிகள் என்று பைபிள் கூச்சமின்றிச் சொல்கிறது. அந்தக் காலத்தில் அவர்கள் வாய்ச்சொல்லுக்கு வேறெங்கும் மதிப்பு இருந்திருக்காது. அவர்களின் வார்த்தை ராஜாவின் வாயில் சேதமில்லாமல் திரும்பி வந்த பிறகுதான் வாள் வருகிறது. குர்ஆனில் இதற்கு எதிர்ப்பக்கம்போல ஒரு நிகழ்ச்சி உண்டு. சூறா ஸாதில் தாவூத் நபியிடம் வழக்கோடு இருவர் வருகிறார்கள். தொண்ணூற்றொன்பது ஆடு உள்ளவன் என்னிடமிருக்கும் ஒற்றை ஆட்டையும் கேட்கிறான் என்று ஒருவன் முறையிட, தாவூத் உடனே அவன் பக்கம் பேசிவிடுகிறார். பிறகு தான் சோதிக்கப்பட்டதை உணர்ந்து மன்னிப்புக் கேட்டுச் சிரம் பணிகிறார். அவர் மற்றவனின் பேச்சைக் கேட்காமல் சொன்னதுதான் தவறு என்பது விரிவுரையாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று; எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஏழையின் பக்கம் நின்ற சொல் அது, நல்லெண்ணத்தில் சொன்னது. அப்படியிருந்தும் நபி ஒருவர் சிரம் பணிய வேண்டியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாவடக்கம் அரசர்களுக்கு மட்டும் சொன்னதல்லவே, லுக்மானே ஒரு கறுப்பு அடிமை என்றுதானே மரபு சொல்கிறது என்று கேட்கலாம். உண்மை. அந்த மரபில் வரும் கதையை முழுவதுமாகப் பார்ப்போம். எசமான் ஒரு ஆட்டை அறுக்கச் சொல்லி, அதில் மிகச் சிறந்த இரண்டு உறுப்புகளைக் கொண்டுவா என்கிறான். லுக்மான் நாக்கையும் இதயத்தையும் கொண்டுபோகிறார். இன்னொரு நாள் மிக மோசமான இரண்டைக் கேட்கிறான். மறுபடியும் நாக்கும் இதயமும். இரண்டு தடவையும் தட்டு எசமானின் முன்னால்தான் வைக்கப்படுகிறது. பாடம் படிப்பவன் எசமான். அடிமை படித்துக் கொடுக்கிறார். இந்தக் கதையைக் கொண்டு அடிமையிடம் அடங்கியிரு என்று சொல்ல வேண்டுமானால் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். நாம் அதைத்தான் செய்துவருகிறோம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை இலேசில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மௌனம் உயிர் காத்திருக்கிறது. எல்லாப் பக்கமும் துப்பாக்கி இருந்த ஒரு கரையில், எந்தப் பெயரை எந்தச் சாவடியில் சொல்லக் கூடாது என்று தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். பிரசங்கி பேசுவதற்கு ஒரு காலம், மௌனத்துக்கு ஒரு காலம் என்கிறது. காலம் தீமையானது ஆகையால் புத்திமான் மௌனமாயிருப்பான் என்று ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலிலேயே இருக்கிறது. வாப்பாவின் கை முழங்காலை அழுத்தியது கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆமோஸ், பெத்தேலின் ஆசாரியன் வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போ என்றபோது அடங்கவில்லை. புத்திமான் மௌனமாயிருப்பான் என்று அவர் எழுதியது அந்தக் காலத்தின் மீது வைத்த குற்றச்சாட்டாகவே எனக்குப் படுகிறது, பின்பற்றச் சொன்ன ஒழுக்கமாக அல்ல. நீதிமொழிகளும் இந்த விஷயத்தில் ஒரு சூத்திரம் தர மறுக்கிறது. 26ஆம் அதிகாரத்தில் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று ஒரு வசனம்; அதற்கு அடுத்த வசனமே மூடனுக்குப் பதில் சொல் என்கிறது. தொகுத்தவர்களுக்குக் கண் தெரியாமல் போனதென்று நினைக்க இடமில்லை. எப்போது எது என்பதை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

மௌனம் காத்ததென்றால், பேச்சும் காத்திருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்கு ஐந்து நாட்களுக்குப் பிறகு, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள்மீது சந்தேகப்பட்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. அன்றிரவு அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, தங்களைத் தாங்களே வெடிக்க வைத்துக்கொண்டார்கள். ஊர் பேசாதிருந்தால் அந்த வெடி எங்கே வெடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கூசுகிறது. அதற்கும் முன்னால், 2017இல், காத்தான்குடியில் சூபிகளோடு நடந்த மோதலுக்குப் பிறகு பின்னாளில் அந்தக் குண்டுவெடிப்புகளை முன்னின்று நடத்திய ஸஹ்ரானைப் பற்றி ஊரவர்கள் முறையிட்டார்கள், ஆர்ப்பாட்டமும் செய்தார்கள். தாக்குதலுக்கு முன் ஏப்ரல் மாதத்திலேயே வெளிநாட்டு உளவுத் தகவலும் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருந்தார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி ஒருவரும் பாதுகாப்பு உயரதிகாரிகளும் கிடைத்த எச்சரிக்கையின்மேல் நடவடிக்கை எடுக்காமல் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினார்கள் என்று தீர்த்து, முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. கேட்கவேண்டிய நாற்காலி கேளாதிருந்ததற்கு இந்த நாட்டில் விலை போட்ட தீர்ப்புகள் அதிகம் இல்லை. ஆனாலும் அந்த ஏப்ரலுக்குப் பிறகு அடக்கமாய் இருக்கும்படி புத்தி சொல்லப்பட்டது நாற்காலிகளுக்கல்ல, பர்தா போட்ட பெண்களுக்கும் கடை வைத்திருந்தவர்களுக்கும்.

இன்னொருவர், அம்பாறையில் நடந்தது வெறும் மொழிப் பிரச்சினை, அதற்கு ஏன் வேதாந்தம் என்பார். கடைக்காரருக்குச் சிங்களம் வந்திருந்தால், வந்தவர்களுக்குத் தமிழ் வந்திருந்தால் தீர்ந்திருக்குமாம். அப்படியானால் கல்முனையில் எதுவுமே நடந்திருக்கக் கூடாது. 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி ஒரு பக்கம் தமிழர்களின் உண்ணாவிரதம், அதற்கு எதிராக முஸ்லிம்களின் சத்தியாக்கிரகம் மறுபக்கம். இரண்டு பந்தலுக்கும் இடையில் நடந்தே போய்விடலாம். இரண்டிலும் ஒரே தமிழ். சாலொமோனைப் போல மற்றப் பந்தலின் வழக்கைத் தன் வாயால் சேதமில்லாமல் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடினால் எந்தப் பந்தலில் கிடைத்திருப்பார்?

இனி யோபுவிடம் வரவேண்டும், ஏனென்றால் நாவடக்கத்தைப் பற்றிய நமது வசதியான வாசிப்பு உடைந்துபோகும் இடம் அதுதான். யோபுவின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் அவனைப் பார்க்க வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்து மிகவும் அடக்கமான, பக்தியான, நீதிமொழிகளுக்கு ஒத்த பேச்சுகளைப் பேசினார்கள். யோபுவோ தான் பிறந்த நாளைச் சபித்தான், கடவுளையே வழக்குக்கு இழுத்தான். முடிவில் கடவுள் கோபித்தது நண்பர்கள்மீது. என் தாசனாகிய யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்பது தீர்ப்பு. நம்மிடையே ஐயூப் நபி பொறுமையின் உருவம், அப்படிக் கத்தியவரல்ல என்று ஒரு முஸ்லிம் வாசகர் சொல்வது நியாயம்தான். ஆனால் சூறா நிஸாவில் ஒரு வசனம், தீய சொல் பகிரங்கமாகச் சொல்லப்படுவதை இறைவன் விரும்புவதில்லை என்று தொடங்கி, அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர என்று ஒரு விலக்கையும் வைக்கிறது. குத்பாக்களில் முதல் பாதி புழங்கும் அளவுக்கு அந்த விலக்குப் புழங்குவதாகத் தெரியவில்லை. நீதிமொழிகளில் ஞானம் என்பவளே ஒரு பெண். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பவளல்ல, தெருவில் நின்று, சந்திகளில், பட்டணத்து வாசல்களில், சனம் நடமாடும் இடத்தில் உரத்துக் கூப்பிடுகிறவள். சண்டைக்காரப் பெண்ணோடு வாழ்வதைவிட வீட்டுக் கூரையின் மூலையில் கிடப்பது மேல் என்று முறையிடும் அதே நூல்தான் இதையும் சொல்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்த்துவைக்க எனக்கு விருப்பமில்லை.

அநீதி இழைக்கப்பட்டவன் கத்தலாம் என்றால், அம்பாறைக் கடையில் கத்தியவனும் தனக்கு அநீதி நடந்ததென்றுதானே நம்பினான்? இதுதான் மறுப்புகளில் கூரானது. நம்பினான்தான். ஆகவே கத்துகிறவன் சொல்வதெல்லாம் உண்மை என்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஏற்கக் கூடாதென்றே நீதிமொழிகளின் 18ஆம் அதிகாரமும், செய்தி வந்தால் தீர விசாரி என்ற சூறா ஹுஜுராத்தும் சொல்கின்றன. முறைப்பாடு செய்பவன் யாராவது தன்னைக் கேட்க வேண்டும் என்று கத்துகிறான். அதனால் அவனுக்கு எதிரில் ஒரு செவி தேவைப்படுகிறது, மற்றவனுக்கும் அதே செவி உரியதென்பதை அவன் மறுக்க முடியாது. அந்தக் கூட்டத்துக்குச் செவி தேவைப்படவில்லை. அது கேட்ட கேள்விக்கு விடை கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கும் முன்பே தயாராக இருந்தது.

அயலவனை நோக்கி இவ்வளவும் சொன்ன பிறகு வீட்டுக்குள் பார்க்காமல் விட்டால் அது எலிப்பாஸின் பேச்சாகிவிடும். சூறா முஜாதலா என்று ஒரு அத்தியாயத்துக்கே பெயர் கொடுத்தவர், கணவன் இழைத்த அநீதியைப் பற்றி நபியிடமே வாதாடிய ஒரு பெண், கவ்லா. அவர் வாதாடியதை இறைவன் கேட்டான் என்றுதான் அந்தச் சூறா தொடங்குகிறது. அவர் குரலைத் தாழ்த்தச் சொல்லித் தொடங்கவில்லை. நமது காதி நீதிமன்றங்களை நடத்துவது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதன்படி காதியாக ஆண் மட்டுமே இருக்க முடியும்; சட்டத்தரணி யாரும் தோன்ற முடியாது. விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பமும் தேவையில்லை, அவளுக்காக வலி எனப்படும் ஆண் பொறுப்பாளர் ஒப்பமிடுவார். தன் கல்யாணத்தில் வாய் திறக்கத் தேவையில்லாதிருந்த பெண், அது முறிந்து வரும்போது, பழக்கமில்லாத ஒரு மேசைக்கு முன்னால், துணைக்கு வழக்கறிஞர் இல்லாமல், எல்லாவற்றையும் தானே சொல்லவேண்டியிருக்கிறது. சட்டத்தரணியைத் தள்ளிவைத்தது செலவையும் இழுபறியையும் குறைப்பதற்கு என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். கருத்து நல்லதுதான், கேட்பவர் சாலொமோனாக இருக்கும் வரைக்கும். சட்டத்தைத் திருத்துவதற்கு 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில், அம்பாறைச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, அதுவும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து. அந்த ஒன்பது வருடத்திலும் பேசிய பெண்களுக்குச் சமூகத்தை அந்நியர் முன் காட்டிக்கொடுக்காதீர்கள், பொறுமையாக இருங்கள் என்று புத்தி சொல்லப்பட்டது. கச்சேரி வரிசையிலும் சோதனைச் சாவடியிலும் நம்மிடம் சொல்லப்பட்ட அதே புத்தியை, நாற்காலி நம்முடையதாக இருந்தபோது, அதே குரலில் நாமும் சொன்னோம்.